மனித உரிமைப் போராட்டம் பற்றிய கண்காட்சி: கலைஞரிடம் படைப்பைக் கேட்பதிலிருந்து கழற்றித் திருப்பித் தருவது வரை

மனித உரிமைப் போராட்டம் பற்றிய கண்காட்சியை இரண்டு விதமாக நடத்தலாம். ஏற்கெனவே இருக்கும் ஓவியங்களையும் ஒளிப்படங்களையும் இரவல் வாங்கி மாட்டுவது ஒரு வழி. கலைஞர்களுக்குப் பணமும் காலமும் கொடுத்து, இந்தக் கண்காட்சிக்கென்றே புதிதாகச் செய்யச் சொல்வது இன்னொரு வழி. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது. இதில் வேலை அதிகம். தவறினால் உண்டாகும் காயமும் அதிகம். படைப்புக்குள் வரும் வலி யாரோ ஒருவருடையது. அவர் பெரும்பாலும் உயிரோடு இருப்பார். இல்லையென்றால் அவருடைய பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் ஒரு நாள் அந்த வாசலில் வந்து நிற்பார்கள்.

முதலில் காலக்கணக்கு

ஐந்து முதல் எட்டுப் புதிய படைப்புகள் கொண்ட கண்காட்சிக்கு 12 முதல் 18 மாதம் வேண்டும். பொருளை முடிவு செய்து, ஆட்களைச் சேர்த்து, நிதி திரட்ட மூன்று அல்லது நான்கு மாதம். கலைஞர்களைத் தேர்ந்தெடுக்க இரண்டு மாதம். படைப்புகள் உருவாக ஆறு முதல் எட்டு மாதம். சுவர் உரை, மொழிபெயர்ப்பு, அச்சு ஆகியவற்றுக்கு ஆறு வாரம். கூடத்தில் பொருத்த இரண்டு மூன்று வாரம்.

இந்தக் கணக்கைக் குலைப்பது பெரும்பாலும் திறப்பு நாள்தான். 1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில் ஐ.நா. பொதுச்சபை உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. அந்த நாளில் திறக்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். நாளை முதலில் குறித்துவிட்டுப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால், தச்சு வேலையையோ வண்ணப்பூச்சையோ சுருக்க முடியாது. பாதிக்கப்பட்டவர்களோடு பேச வைத்திருந்த மாதங்கள்தான் சுருங்கும். டிசம்பர் 10-க்கு ஒன்பது மாதமே இருக்கிறதென்றால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள்.

பொருளைச் சுருக்குவது

பிரகடனத்தில் 30 பிரிவுகள் இருக்கின்றன. "மனித உரிமைகள்" என்று மொத்தமாகத் தலைப்பு வைத்தால் சங்கிலி, கம்பிவேலி, புறா, உயர்த்திய முஷ்டி என்று பொதுச் சின்னங்கள்தான் வந்து சேரும். நான்கு கேள்விகளுக்கு ஒரே வாக்கியத்தில் பதில் எழுதிப் பாருங்கள்: யாருடைய உரிமை, எந்த உரிமை, யார் மறுத்தார்கள், அதற்கு அவர்கள் என்ன செய்தார்கள். நான்காவது கேள்விக்குப் பதில் இல்லாமல் தொடங்காதீர்கள். அது இல்லாவிட்டால் கண்காட்சி துன்பத்தை மட்டும் காட்டும், போராட்டம் விடுபட்டுப்போகும். மனு எழுதியவர், சங்கம் கட்டியவர், வழக்குப் போட்டவர், வேலைநிறுத்தத்துக்குச் சமைத்துப் போட்டவர் எல்லோரும் மறைந்து, அழும் முகம் மட்டும் மிஞ்சும்.

யார் மேசையில் உட்கார வேண்டும்

இதில் நேரும் பெரிய தவறுக்கு ஊரறிந்த உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் வாக்கர் கலை மையம் 2017-இல் தன் சிற்பத் தோட்டத்தில் சாம் டுரான்ட் என்ற கலைஞரின் 'ஸ்காஃபோல்ட்' என்ற படைப்பை நிறுவியது. அமெரிக்க வரலாற்றில் அரசு நிறைவேற்றிய தூக்குத் தண்டனைகளின் மேடைகளை ஒன்றாகக் கோத்த மரக்கட்டுமானம் அது. 1862-இல் மன்கேட்டோவில் டகோட்டா இனத்தவர் 38 பேரைத் தூக்கிலிட்ட மேடையும் அதில் ஒன்று. மன்கேட்டோ இருப்பது அதே மாநிலத்தில். டகோட்டா மக்களை யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. தோட்டம் திறப்பதற்கு முன்பே எதிர்ப்பு எழுந்தது. டகோட்டா மூத்தோரோடு பேசிய பிறகு படைப்பு பிரிக்கப்பட்டது. அதன் உரிமையைக் கலைஞர் டகோட்டா மக்களிடமே ஒப்படைத்தார்.

கலைஞரின் நோக்கம் மரண தண்டனையைக் கண்டிப்பதுதான். அதே படைப்பு 2012-இல் ஜெர்மனியின் காசெல் நகரிலும் காட்சிக்கு இருந்தது. தூக்கிலிடப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் மண்ணுக்கு வந்தபோதுதான் அது வேறொன்றாக மாறியது. ஆகவே "நோக்கம் நல்லது" என்பதையும் "வேறு ஊரில் பிரச்சினை வரவில்லை" என்பதையும் காப்புறுதியாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஏழு பேர் கொண்ட ஆலோசனைக் குழு அமையுங்கள். அதில் குறைந்தது மூன்று பேர் அந்தப் போராட்டத்தில் நேரடியாக இருந்தவர்கள் அல்லது அவர்கள் குடும்பத்தினர். ஒருவரை மட்டும் சேர்த்தால் முழுச் சமூகத்துக்கும் பதில் சொல்லும் பாரம் அவர் தலையில் விழும். மீதி நான்கு இடங்கள் ஒரு வரலாற்று ஆய்வாளர், ஒரு வழக்கறிஞர், கண்காட்சியைத் திட்டமிட்டு அமைக்கும் ஒரு க்யூரேட்டர், ஒரு மனநல ஆலோசகர் ஆகியோருக்கு. குழு கூடும் ஒவ்வொரு நாளுக்கும் எல்லோருக்கும் ஒரே தொகை கொடுங்கள். பேராசிரியருக்கு மதிப்பூதியம், தாய்க்குப் பொன்னாடை என்ற வழக்கம் இந்தக் கண்காட்சிக்குள் வரக் கூடாது. குழு எதைத் தடுக்கலாம், எதில் கருத்து மட்டும் சொல்லலாம் என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால், பாதி வேலை முடிந்த படைப்பின் முன் நின்றுகொண்டு இந்தச் சண்டை நடக்கும்.

கலைஞருக்குத் தரும் பணிக்குறிப்பு

இரண்டு பக்கம் போதும். பொருள், கூடத்தின் வரைபடம், சுவரின் நீள உயரம், தரையும் கூரையும் தாங்கும் எடை, மின் இணைப்புகள், வாசலின் அகல உயரம், பணம், தேதிகள், யார் முடிவெடுப்பார்கள் என்பவை அதில் இருக்க வேண்டும். வாசல் அளவை மறந்துவிடுகிறார்கள். 2.4 மீட்டர் உயரமுள்ள ஒற்றைத் துண்டுச் சிற்பம் 2.1 மீட்டர் வாசலில் நுழையாது என்பது பொருத்தும் நாளில்தான் தெரியவரும்.

ஆனால் படைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று அதில் எழுதாதீர்கள். 1937-இன் தொடக்கத்தில் ஸ்பானியக் குடியரசு அரசு, பாரிஸ் உலகக் கண்காட்சியில் தன் அரங்குக்காக ஒரு பெரிய சுவரோவியம் வேண்டும் என்று பிக்காசோவைக் கேட்டது. இடம் முடிவாகியிருந்தது, பொருள் அவர் கையில் விடப்பட்டிருந்தது. மாதக்கணக்கில் அவர் பெரிதாக எதுவும் செய்யவில்லை. ஏப்ரல் 26 அன்று ஸ்பெயினின் கெர்னிக்கா நகர்மீது குண்டு விழுந்தது. மே 1 அன்று முதல் வரைவுகளைத் தொடங்கி, ஏறக்குறைய ஐந்து வாரத்தில் 3.49 மீட்டர் உயரமும் 7.77 மீட்டர் அகலமும் கொண்ட 'கெர்னிக்கா'வை முடித்தார். பொருளை முன்கூட்டியே பூட்டியிருந்தால் அந்த ஓவியம் பிறந்திருக்காது. இடத்தையும் எல்லையையும் கறாராகச் சொல்லுங்கள், உள்ளே இருப்பதைக் கலைஞருக்கு விடுங்கள்.

தேர்வுக்குப் பொது அழைப்பு விடுத்தால் முதல் கட்டத்தில் ஒரு பக்கக் குறிப்பும் பழைய படைப்புகளின் படங்களும் மட்டும் கேளுங்கள். அதிலிருந்து ஓர் இடத்துக்கு மூவரைப் பொறுக்கி, அவர்களிடம் மட்டும் முழுத் திட்டம் கேளுங்கள். முழுத் திட்டம் என்பது இரண்டு மூன்று வார உழைப்பு. தேர்வாகாத இருவருக்கும் சேர்த்து அதற்குக் கூலி கொடுக்க வேண்டும். பிரகடனத்தின் 27-ஆம் பிரிவு, பண்பாட்டு வாழ்வில் பங்கேற்கும் உரிமையைச் சொன்ன கையோடு, படைப்பாளியின் தார்மிக, பொருளியல் நலன்களுக்கான பாதுகாப்பையும் சொல்கிறது. அந்தப் பிரகடனத்தின் பேரில் நடக்கும் கண்காட்சிக்கு இலவசமாக உழைக்கச் சொல்வது சரியல்ல.

பணமும் ஒப்பந்தமும்

கலைஞரின் ஊதியம் ஒரு வரி, செய்பொருள் செலவு இன்னொரு வரி. இரண்டையும் ஒரே தொகையாகக் கொடுத்தால் இரும்பு விலை ஏறும்போது கலைஞரின் சோற்றில்தான் கை வைக்க வேண்டியிருக்கும். மொத்தத் தொகையில் 10 முதல் 15 விழுக்காட்டை எதிர்பாராத செலவுக்கு ஒதுக்கி, திறப்புக்கு ஒரு மாதம் முன்புவரை தொடாமல் வைத்திருங்கள். தவணைகளை 40, 30, 20, 10 என்று பிரிக்கலாம்: கையெழுத்தானதும், பாதி வேலையைப் பார்த்ததும், படைப்பு வந்து சேர்ந்ததும், கண்காட்சி திறந்ததும். முதல் தவணை பெரிதாக இருக்கக் காரணம், பொருள் வாங்கும் செலவெல்லாம் முதல் இரண்டு மாதத்தில் வருவதுதான்.

ஒப்பந்தத்தில் விடுபடக் கூடாதவை: கண்காட்சிக்குப் பிறகு படைப்பு யாருக்குச் சொந்தம், படம் எடுத்து எதற்கெல்லாம் பயன்படுத்தலாம், வேறு ஊருக்குக் கொண்டு போனால் கூடுதல் ஊதியம் எவ்வளவு, சேதமானால் யார் பழுது பார்ப்பார்கள், இடையில் ரத்தானால் எவ்வளவு தொகை. பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின் 6bis என்று எண்ணிட்ட பிரிவு, படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையைப் படைப்பாளிக்குத் தருகிறது. ஆகவே எதிர்ப்பு வந்தால் ஒரு துண்டை மட்டும் துணி போட்டு மூடிவிடலாம் என்று கலைஞரைக் கேட்காமல் நினைக்காதீர்கள்.

உடைமை பற்றி யோசிக்க ஒரு நல்ல முன்மாதிரி கனடாவில் இருக்கிறது. பழங்குடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து அடைத்துவைத்த உறைவிடப் பள்ளிகளின் நினைவாக, கேரி நியூமன் என்ற கலைஞர் 800-க்கும் மேற்பட்ட பொருட்களைச் சேகரித்து 'சாட்சிப் போர்வை' என்ற படைப்பைச் செய்தார். 2019-இல் அவரும் வின்னிபெக்கில் உள்ள கனடிய மனித உரிமை அருங்காட்சியகமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், அதை வாங்குவது விற்பது என்ற பேச்சே இல்லை. இரு தரப்பும் சேர்ந்து அதைப் பேணும் பொறுப்பை ஏற்றன. உரிமைகள் படைப்புக்கே உரியவை என்று எழுதிக்கொண்டன. எழுத்து ஒப்பந்தத்தோடு வாய்மொழிச் சடங்கும் நடந்தது. மக்கள் தங்கள் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த பொருட்களால் ஆன படைப்பென்றால் இந்த வழியைக் கட்டாயம் பரிசீலியுங்கள்.

சாட்சியமும் சம்மதமும்

ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால் சம்மதம் கிடைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். மூன்று முறை கேளுங்கள்: பதிவு செய்யும் முன், படைப்பில் அது எப்படி வருகிறது என்று காட்டிய பின், திறப்புக்கு முந்தைய வாரம். ஒவ்வொரு முறையும் பெயர், முகம், குரல் மூன்றுக்கும் தனித்தனியாகச் சம்மதம் கேளுங்கள். குரலுக்கு ஒப்பி முகத்துக்கு ஒப்பாதவர் பலர். விலகும் உரிமை கடைசி நாள் வரை உண்டு என்று எழுதிக் கொடுங்கள். ஒருவர் விலகினால் கூடம் ஓட்டையாகத் தெரியாதபடி, எந்தப் படைப்பும் ஒரே சாட்சியத்தில் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒளிப்படக் கோப்புகளுக்குள் எடுத்த இடமும் நேரமும் பதிவாகியிருக்கும். வெளியே தரும் எந்தக் கோப்பிலிருந்தும் அதை நீக்கிவிடுங்கள். சிலியில் 1973-இல் தொடங்கிய ராணுவ ஆட்சியின்போது, காணாமல் போனவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் சாக்குத்துணியில் ஒட்டுத்துணி தைத்து 'அர்பில்யெரா' என்ற சித்திரங்களைச் செய்தார்கள். பாதுகாப்புக்காக அவற்றில் பெரும்பாலும் பெயர் போடவில்லை. அப்படிப் பெயரில்லாத படைப்பு உங்கள் கூடத்துக்கு வந்தால், செய்தவரைத் தேடிக் கண்டுபிடித்து அட்டையில் எழுதுவதை மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். அவரைக் கேட்காமல் செய்யவே கூடாது.

கொடுமையைக் காட்டாமல் காட்டுவது

அடிபட்ட உடலின் படம் பார்வையாளரைச் சில நொடிகள் உலுக்கும். பிறகு அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த உடலுக்கு உரியவர் அதை அனுமதித்தாரா என்ற கேள்வி மட்டும் நிற்கும். கொலம்பியக் கலைஞர் டோரிஸ் சல்செடோ, காணாமல் போனவர்களின் குடும்பங்களோடு பேசி, அவர்கள் அணிந்த காலணிகளைச் சுவர் மாடங்களில் வைத்து, மெல்லிய விலங்குத் தோலால் மூடி, அறுவை சிகிச்சை நூலால் தைத்தார். காலணி மங்கலாகத் தெரியும், தையல் பச்சைக் காயம் போலத் தெரியும். உடல் எங்கும் இல்லை. கலைஞரோடு பேசும்போது இப்படிப்பட்ட வழிகளை முன்வையுங்கள். கொடுமையின் படம் கட்டாயம் தேவை என்று குழு ஒப்புக்கொண்டால், அதைச் சிறிய அளவில், திரும்பிப் பார்த்தால் மட்டும் தெரியும் மூலையில் வையுங்கள். நுழைவாயிலுக்கு நேராக ஒருபோதும் வேண்டாம்.

கூடத்தில் பொருத்துவது

வண்ணம் பூசிய சுவர் காய்ந்து மணம் போகக் குறைந்தது ஒரு வாரம் விடுங்கள். ஈரச் சுவரிலிருந்து வரும் ஆவி காகிதத்தையும் துணியையும் கெடுக்கும். படத்தின் நடுமையம் தரையிலிருந்து 148 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். ஆணிக்கு இடம் குறிக்க, 148-ஓடு படத்தின் பாதி உயரத்தைக் கூட்டி, படத்தின் பின்னால் கட்டிய கம்பியை மேலே இழுத்துப் பிடித்தால் அதற்கும் சட்டத்தின் மேல்விளிம்புக்கும் உள்ள இடைவெளியைக் கழியுங்கள். 80 செ.மீ. உயரப் படம், கம்பி 8 செ.மீ. கீழே என்றால் 148 + 40 − 8, அதாவது 180 செ.மீ. எப்போதும் இரண்டு ஆணி அடித்து, ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒற்றை ஆணியில் தொங்கும் படம் ஆட்கள் நடக்கும் அதிர்விலேயே சாயும்.

காகிதம், துணி, பழைய ஒளிப்படம் ஆகியவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம், எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் வரை. வெயிலிலிருந்து நேராக 50 லக்ஸ் அறைக்குள் வருபவருக்கு முதலில் ஒன்றுமே தெரியாது. வழியில் ஒளியைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். ஈரப்பதம் 40 முதல் 60 விழுக்காட்டுக்குள் இருந்தால் நல்லது, ஒரே நாளில் பெரிதாக ஏறி இறங்காமல் இருப்பது அதைவிட முக்கியம். நடைவழி 120 செ.மீ. அகலம், சக்கர நாற்காலி திரும்பும் இடங்களில் 150 செ.மீ.

ஒலி கசிவதுதான் இத்தகைய கூடங்களில் அதிகம் நேரும் கோளாறு. ஓர் அறையின் காணொளியில் கேட்கும் துப்பாக்கிச் சத்தமோ அலறலோ பக்கத்து அறையிலும் கேட்டால், அதைக் கேட்க வேண்டாம் என்று விலகியவருக்கும் தப்ப வழியில்லை. சாட்சியங்களுக்குக் காதில் மாட்டிக் கேட்கும் கருவியே (ஹெட்போன்) சரி. காதோடு ஒருவர் பேசுவதைத் தனியாக இருந்து கேட்கும் நெருக்கமும் அதில் கிடைக்கும். ஒவ்வொரு துண்டும் நான்கு நிமிடத்துக்குள், உட்கார இடத்தோடு, அருகில் எழுத்து வடிவத்தோடு இருக்கட்டும்.

சுவர் உரை

தொடக்க உரை 120 சொல், படைப்பருகே வைக்கும் அட்டை 60 சொல். இதற்கு மேல் நின்று படிக்க மாட்டார்கள். அட்டையில் எழுத்தளவு 20 புள்ளிக்குக் குறையக் கூடாது. தமிழ் எழுத்துகளின் மேல்விலங்கும் கீழ்விலங்கும் இடித்துக்கொள்ளாமல் இருக்க வரி இடைவெளியை ஒன்றரையாக வையுங்கள்.

செயப்பாட்டுவினையைத் தேடிப் பிடியுங்கள். "பன்னிரண்டு பேர் கொல்லப்பட்டனர்" என்ற வாக்கியத்தில் கொன்றவர் காணாமல் போய்விடுகிறார். தீர்ப்போ விசாரணை ஆணைய அறிக்கையோ யார் சுட்டார்கள் என்று சொல்லியிருந்தால், அவர்களை எழுவாயாக்கி எழுதுங்கள். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் ஆவண எண்ணோடு ஒரு கோப்பு வைத்திருங்கள். அவதூறு வழக்கு வந்தால் வழக்கறிஞர் முதலில் கேட்பது அதைத்தான். ஒருவரை எப்படி அழைப்பது என்பதையும் அவரிடமே கேளுங்கள். "பாதிக்கப்பட்டவர்" என்பதைவிட "தொழிற்சங்கச் செயலாளர்", "ஆசிரியை" என்று தங்கள் பெயருக்கு அருகே எழுதச் சொல்பவர்கள் பலர்.

அட்டைகளை முதலில் சாதாரணத் தாளில் அச்சடித்து ஒட்டி, திறப்புக்கு ஐந்து நாள் முன்பு குடும்பத்தினரை மட்டும் அழைத்துக் காட்டுங்கள். பெயரின் எழுத்துப்பிழை, தவறான ஊர், முறை மாறிய உறவு எல்லாம் அன்றுதான் பிடிபடும். கடைசி அச்சை அதன் பிறகே கொடுங்கள். திறப்பு விழா அன்று முதல்முறையாகத் தன் மகனின் படத்தைக் கேமராக்களுக்கு நடுவே ஒரு தாய் பார்க்கும்படி ஆகக் கூடாது.

வருபவர்களும் காவல் நிற்பவர்களும்

வாசலில் "சில காட்சிகள் மனத்தைப் புண்படுத்தலாம்" என்று பொதுவாக எழுதுவதில் பயன் இல்லை. எந்த அறையில் என்ன என்று எழுதுங்கள்: "மூன்றாவது அறையில் சித்திரவதை பற்றிய குரல் பதிவு உண்டு." அந்த அறையைத் தொடாமல் கடந்து போக மாற்று வழி கொடுங்கள். கூடத்தின் நடுவிலேயே, கதவுள்ள, மங்கிய வெளிச்சமுள்ள, நாற்காலியும் தண்ணீரும் இருக்கும் ஓர் அமைதி அறை வேண்டும். ஆலோசனைத் தொலைபேசி எண்களை ஒட்டும் முன் நீங்களே அழைத்து, எடுக்கிறார்களா என்று பாருங்கள்.

கனமான அறையில் காவல் நிற்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பார்வையாளர் ஒரு முறை கேட்டுப் போகும் குரலை அவர் நாள் முழுக்கக் கேட்கிறார். யாராவது அழுதால் என்ன நடந்தது என்று கேட்காமல், அமைதி அறையைக் காட்டிக் கூடவே நடந்தால் போதும் என்று பழக்குங்கள். கருத்துப் பதிவேட்டில் பெயர், தொலைபேசி எண் கட்டங்கள் வேண்டாம். வெற்றுத் தாள் போதும். திறப்பு விழாவில் படமெடுக்கப்பட விரும்பாதவர்களுக்கு ஒரு நிற நாடா கொடுத்து, ஒளிப்படக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

படைப்பை அகற்றச் சொல்லி அழுத்தம் வந்தால் என்ன செய்வது என்பதைத் திறப்புக்கு முன்பே ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். தனியொருவர் முடிவெடுக்கக் கூடாது. கலைஞருக்கும் குழுவுக்கும் முதலில் தகவல் போக வேண்டும். 48 மணி நேரத்துக்குள் குழு கூட வேண்டும். எதிர்ப்பவர் அந்தப் போராட்டத்தின் மக்களா, போராட்டத்தை மறுப்பவர்களா என்று முதலில் பிரித்தறியுங்கள். முதல் வகையினரோடு உட்கார்ந்து பேச வேண்டும், தேவைப்பட்டால் படைப்பை இறக்கவும் வேண்டும். இரண்டாவது வகையினருக்கு ஆவணக் கோப்பே பதில்.

கழற்றும்போது

படைப்பு வந்தபோது எந்த நிலையில் இருந்தது என்று எழுதிய அறிக்கையையும் அப்போது எடுத்த படங்களையும் கையில் வைத்து, ஒவ்வொரு படைப்பையும் ஒப்பிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். வந்த மரப்பெட்டிகளை எண்ணிட்டு வைத்திருந்தால் புதுப் பெட்டி செலவு மிச்சம். காப்பீடு, பொருள் உரியவர் வீட்டுச் சுவருக்குத் திரும்பும் வரை உயிரோடு இருக்க வேண்டும், கண்காட்சியின் கடைசி நாளோடு முடிந்துவிடக் கூடாது. குடும்பங்கள் கொடுத்த சட்டை, கடிதம், கண்ணாடி போன்றவற்றைக் கூரியரில் அனுப்பாமல் ஆள் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள், அதுவும் முதல் வாரத்திலேயே. குரல் பதிவுகளில் எவை காப்பகத்துக்குப் போகின்றன, எவை அழிக்கப்படுகின்றன என்று சம்மதப் படிவத்தில் உள்ளபடி பட்டியலிடுங்கள். அழித்தவற்றுக்கு, எந்தெந்தக் கருவிகளிலிருந்தும் நகல்களிலிருந்தும் எந்தத் தேதியில் அழிக்கப்பட்டது என்று எழுதி, உரியவருக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள்.